வாழ்த்துவோர்: அப்பா, அம்மா

கேப்டன் முறுக்கின் மீசை இடது பக்கம் மேலே ஏறும், வலது பக்கம் கீழே தொங்கும். இதை இரண்டு பக்கமும் சமமாக வரைகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்காமல் எதற்கு ஐயா வரைகிறீர்கள்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் இங்கே சிங்கப்பூரில், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தமிழில் ‘குட்டிக் கப்பல்’ என்று ஒரு சிறுவர் நிகழ்ச்சி வந்தது. அதன் நாயகன் ஒரு துணிப் பொம்மை. அவன்தான் கேப்டன் முறுக்கு. நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் நிகழ்ச்சி சுமார்தான். கடல் என்பது இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஆட்டுகிற நீலத் துணி. ஒரு தடவை அதில் ஒருவருடைய கைக்கடிகாரம் தெரிந்தது. கேப்டனுக்குக் குரல் வருவதற்கு முன்பே வாய் திறந்துவிடும். ஆனாலும் அந்த ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூடக் கீழே விளையாடாது.

என் பெயர் விசாலாட்சி. வயது முப்பத்தொன்பது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணம் சரிபார்க்கும் வேலை. ஒரு எண் தப்பினால் ஒரு பெட்டி மூன்று நாள் கிடப்பில் கிடக்கும். அதனால் தப்பு கண்டுபிடிப்பது என் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. பாசிர் ரிஸ் வீட்டில் அப்பா பதிவு செய்து வைத்த பதினோரு வீடியோ டேப்புகள் இருக்கின்றன. அவற்றை ஓடவிட்டு, பிடித்த காட்சியில் நிறுத்தி, அதை அப்படியே ஐபேடில் வரைவேன். வேலைக்குப் போகும்போது ரயிலில் வண்ணம் தீட்டுவேன். ‘முறுக்கு மீசை’ என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் போடுவேன். பதினெட்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: ‘டேப்பில் இருப்பதை மட்டுமே வரைவேன்.’

அந்த வரியில் எனக்கு அப்படி ஒரு திமிர். ஏனென்றால் அப்போதுதான் ஆளாளுக்குச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பழைய படங்களைத் தெளிவாக்குகிறேன் என்று கிளம்பியிருந்தார்கள். அது என்ன செய்யும் தெரியுமா? தெரியாத இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பொக்கைவாய்ப் பிள்ளைக்குப் பல் வைக்கும், வெறும் காதில் கம்மல் மாட்டும். அந்தப் படங்களுக்குக் கீழே போய் நான் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போடுவேன். ‘அது அந்தப் பிள்ளையே இல்லை. நினைவுக்கு ஒப்பனை போடாதீர்கள்’ என்று ஒருவருக்கு எழுதினேன். முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை.

நிகழ்ச்சியின் கடைசியில் பிறந்தநாள் வாழ்த்து வரும். பெற்றோர் பிள்ளையின் படத்தையும் ஒரு படிவத்தையும் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கப்பலின் வட்ட ஜன்னலுக்குள் அந்தப் படம் நான்கு விநாடி தெரியும். கீழே இரண்டு வரி. முதல் வரியில் பெயரும் வயதும், இரண்டாவது வரியில் வாழ்த்துவோர். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு நடக்கும் மரியாதை இருக்கிறதே, அமைச்சருக்குக்கூடக் கிடைக்காது. என் படம் ஒருமுறையும் வரவில்லை. அம்மா அனுப்பியதாகச் சொன்னார், நான் இன்றுவரை நம்பவில்லை.

போன மார்ச் மாதத்தில் அந்த வாழ்த்துகளை வரிசையாக வரையத் தொடங்கினேன். ஏழாவது படம் ஒரு சின்னப் பெண். மஞ்சள் கவுன், முன்பல் இரண்டு இல்லை, பக்கத்தில் ஸ்டுடியோ பிளாஸ்டிக் பூச்சாடி. முதல் வரி தெளிவாக இருந்தது: ‘பரீதா, 7 வயது.’ இரண்டாவது வரி இருந்த இடத்தில் டேப் தேய்ந்துபோய் வெறும் வெள்ளைக் கோடுகள் ஓடின.

நான் ‘வாழ்த்துவோர்: அப்பா, அம்மா’ என்று எழுதினேன்.

யோசிக்கவே இல்லை. மற்ற ஆறு படங்களிலும் அப்படித்தான் இருந்தது. கை தானாக எழுதியது. தானா மேரா நிலையம் வருவதற்குள் முடித்துப் போட்டும் விட்டேன். அடுத்த வாரத்துக்குள் முப்பதாயிரம் பேர் அந்தப் படத்துக்கு இதயம் போட்டிருந்தார்கள். அந்தப் பல்லில்லாத சிரிப்பு அப்படி. ‘என் பல்லும் இப்படித்தான் இருந்துச்சு’, ‘ஆபீஸ்ல உட்கார்ந்து அழுதுட்டேன் லா’, ‘எங்க அப்பாவும் அனுப்பினார், இப்ப இல்ல.’ இப்படிக் கருத்துகள் வந்துகொண்டே இருந்தன. நான்கு வருடம் வரைந்ததில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. யாரும் என் படத்தைப் பார்க்க வருவதில்லை. அவரவர் வீட்டுக் கூடத்தில், அவரவர் டிவிக்கு முன்னால், மறுபடி ஒரு தடவை உட்கார வருகிறார்கள். நான் பாயைத்தான் விரித்துப் போடுகிறேன்.

அந்தக் கருத்துகளுக்கு நடுவே தனியாக ஒரு செய்தி வந்தது. ‘அந்தப் பரீதா நான்தான். உங்களை நேரில் பார்க்க வேண்டும், அவசரம்.’

தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் சந்தித்தோம். பரீதாவுக்கு முப்பத்தாறு வயது. கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறாள், சீருடையோடு வந்திருந்தாள். தலையில் துணி, கையில் இரண்டு தே தாரிக். சிரித்தபோது அதே சிரிப்பு, பல்தான் முளைத்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் வரைந்த ஆள் எழுந்து வந்து எனக்கு டீ வாங்கித் தருவது முதல் தடவை.

“அக்கா, எனக்கு அந்தப் படம் டிவில வந்ததே தெரியாது” என்றாள். “சனிக்கிழமை சாயந்திரம் நான் குர்ஆன் ஓதப் போயிருவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கதான் படம் வந்துச்சுன்னு சொன்னாங்க, அந்த நாலு செகண்டுல கீழ எழுதியிருந்தத யாரும் படிக்கல. அப்ப நாங்க மார்சிலிங்ல பெரிய மாமா வீட்டுல இருந்தோம். அத்தா எங்களை விட்டுட்டு ஜொகூருக்குப் போயி ஒரு வருஷம் ஆயிருச்சு. மாமா ரொம்ப ஸ்டிரிக்ட். பர்த்டே கிர்த்டே எல்லாம் கூடாது. யாரு படத்த அனுப்புனதுன்னு வீட்டுல பெரிய சத்தம். அம்மா சொன்னாங்க, ‘நான் இல்ல, அவ அத்தாதான் அனுப்பியிருப்பாரு’ன்னு.”

அவளுக்குத் தகப்பன் அத்தா. எனக்குத்தான் எல்லார் வீட்டுத் தகப்பனும் அப்பா. அந்த இடத்திலேயே எனக்குச் சுருக்கென்றது.

“அம்மா எனக்கு ஒரு பர்த்டேகூடக் கொண்டாடினதில்லக்கா. ஒரு கேக், ஒரு மிட்டாய், ஒண்ணும் கெடையாது. எப்பப் பார்த்தாலும் வேலை வேலைன்னு ஓடிக்கிட்டு, மூஞ்சிய உர்ருன்னு வச்சிக்கிட்டு. அத்தா விட்டுட்டுப் போனவருதான். ஆனா அங்க போயும் என் பொறந்தநாள ஞாபகம் வச்சிருந்தாரு பாருங்க. அந்த ஒண்ணப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் வளர்ந்தேன்.”

அவளுடைய அத்தா அப்துல் முத்தலிப் இப்போது திரும்பி வந்திருக்கிறார். எழுபது வயது. மலேசியாவின் ஜொகூரில் கட்டிக்கொண்ட மனைவி இறந்துவிட்டார். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கூட்டாளியின் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். அந்த அறையை அடுத்த மாதம் பாதிக்குள் காலி செய்ய வேண்டும். மகள் வீட்டில் வந்து இருந்துகொள்கிறேன் என்று கேட்கிறார்.

“இப்பவும் மார்சிலிங்லதான், தனி வீட்டுல நானும் அம்மாவும்தான். அத்தாவும் அம்மாவும் ஒரே வீட்டுல இருக்க முடியாதுக்கா, தலாக் ஆனவங்க. அவரு வந்தா அம்மா தோ பாயோவுல சின்னம்மா வீட்டுக்குப் போயிரணும். அங்க எடமில்ல, ஹால்லதான் படுக்கணும்.”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“உன் இஷ்டம்னுட்டாங்க. வேற ஒரு வார்த்தை இல்ல. அம்மா எப்பவுமே அப்படித்தான்.” தே தாரிக்கை அவள் தொடவே இல்லை. “அதான் நேரா கேக்கறேன். நீங்க டேப்ல இருக்கறத மட்டும்தான் வரைவீங்கன்னு போட்டிருக்கு. கீழ ‘அப்பா, அம்மா’ன்னு எழுதியிருக்கீங்க. அம்மா அனுப்பல, அது தெரியும். அப்ப அத்தாதான் ரெண்டு பேரு பேரையும் போட்டு அனுப்பியிருக்காரு. அந்த லைன் டேப்ல அப்படியே இருந்துச்சா?”

எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு அது. ‘இல்லம்மா, அது நானாகப் போட்டது’ என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பதினெட்டாயிரம் பேர், அந்த முந்நூறு இதயம், நான் போட்ட சண்டைகள், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

“அப்படியேதான் இருந்துச்சு” என்றேன்.

“அத்தான்னு போடாம அப்பான்னு போட்டிருக்கே?”

“ஸ்டேஷன்ல எல்லாருக்கும் அப்பான்னுதான் மாத்திப் போடுவாங்க.” வாய் கூசவே இல்லை. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது! பரீதா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அத்தாவைக் கூட்டிவரப் போவதாகவும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருவேளை அவர்தான் அனுப்பியிருப்பாரோ என்னவோ. அம்மாவே அப்படித்தானே சொன்னாராம். அப்படியென்றால் நான் சொன்னது பொய்யும் இல்லை. இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மதியம், ஸைஃப் ஒரு காணொளியை அனுப்பினார். ஈசூனில் இருக்கிறார், பழைய டேப்புகளைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ‘நீங்க வரைஞ்ச மஞ்சள் கவுன் எபிசோட் என்கிட்ட ரொம்ப கிளீனா கெடச்சிருக்கு. நாளைக்கு ஆறு மணிக்குப் போடப் போறேன், உங்க படத்தையும் சேர்த்து’ என்று எழுதியிருந்தார்.

அலுவலகக் கழிவறையில் நின்று பார்த்தேன். கேப்டன் முறுக்கு சல்யூட் அடிக்கிறான். வட்ட ஜன்னல். மஞ்சள் கவுன். கீழே கண்ணாடி மாதிரி இரண்டு வரி.

‘பரீதா, 7 வயது. வாழ்த்துவோர்: அம்மா.’

அம்மா மட்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸைஃபுக்கு உடனே எழுதினேன்: ‘இப்போதைக்குப் போடாதீங்க, ஒரு காரணம் இருக்கு.’ அவர் பாவம், ‘ஓகே லா, நீங்க சொன்னா சரி’ என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் ஐபேடைத் திறந்தேன், ஒரு கோடுகூட ஓடவில்லை. இல்லாத பல்லை வைக்கிற இயந்திரத்தைத் திட்டினேனே, அது ஒரு பல்லைத்தான் வைத்தது. நான் ஒரு தகப்பனையே வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் உண்மையாக நின்ற ஒருத்தி, நான் வைத்த ஆளுக்காக நாளைக்கு வீட்டைக் காலி செய்யப் போகிறாள். படத்துக்குக் கீழே ஒரு திருத்தம் போட்டால் போதுமே என்று முதலில் நினைத்தேன். நல்லவேளை, அந்த அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. (திருத்தத்தைப் பிறகு போட்டேன். வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை, அத்தனையும் எனக்குத் தேவைதான்.) மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, பரீதா தேக்காவில் சொல்லியிருந்த முகவரிக்குக் கிளம்பினேன். பாசிர் ரிஸிலிருந்து மார்சிலிங் என்றால் தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

பரீதாதான் கதவைத் திறந்தாள். “அக்கா! என்ன திடீர்னு? வாங்க, வாங்க. நாளைக்குத்தான் அத்தா வர்றாரு. அம்மா, ஒரு ஆளு வந்திருக்காங்க, டீத் தண்ணி போடுங்க.” சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

உட்காரக்கூட இல்லை. “பரீதா, அந்த ரெண்டாவது லைன் டேப்ல இல்ல. தேஞ்சு போயிருந்துச்சு. நானா எழுதினேன்” என்றேன்.

“நான் கேட்டேனேக்கா. மூஞ்சியப் பார்த்துக் கேட்டேனே.”

“கேட்டே.”

“அத்தான்னு இல்லாம ஏன் அப்பான்னு இருக்குன்னுகூடக் கேட்டேன். அதுக்கும் ஒரு கதை சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“ஏன்?”

“மானம் போயிரும்னுதான். வேற ஒரு காரணமும் இல்ல. ஊரையெல்லாம் தப்பு சொல்லிட்டு, என் தப்ப ஒத்துக்க வாய் வரல. மன்னிச்சுருன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா நீ இதைப் பார்த்தாகணும்.”

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஓடவிட்டேன். நான்கு விநாடி. “திரும்பப் போடுங்க” என்றாள். போட்டேன். “நிறுத்துங்க.” நிறுத்தினேன். அந்த ஒற்றை வார்த்தை மீது விரலை வைத்தாள்.

“அம்மா, இங்க வாங்க.”

பரீதாவின் அம்மா கதீஜா ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குள்ளமான, ஒல்லியான உருவம். திரையைப் பார்த்தார். முதலில் படத்தை, பிறகு கீழே. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“இது இன்னும் இருக்கா?” என்றார்.

“நீங்களா அனுப்புனீங்க?”

“ஆமா.”

“நீங்கதானேம்மா இல்லன்னு சொன்னீங்க! அத்தா அனுப்புனதுன்னு நீங்கதானே சொன்னீங்க!” பரீதாவின் குரல் உடைந்தது.

“அப்ப வேற என்னத்தச் சொல்றது? உங்க மாமா வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தோம். நான்தான்னா ரெண்டு பேரையும் வெளிய போங்கன்னிருப்பாரு. போட்டோவுக்குச் சேத்துவச்ச காச எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஃபார்ம் எழுதிக் குடுத்துச்சு. ஆறு வாரம் பார்த்தேன். அன்னிக்கு வீட்டுல யாரும் இல்ல. நான் மட்டும் டிவி முன்னாடி நின்னேன். வந்துச்சு, போயிருச்சு. நல்லா இருந்துச்சு.”

“மாமா மவுத்தாயி பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா? நான் எத்தனை தடவை உங்ககிட்ட சண்டை போட்டிருக்கேன். நீங்க எனக்கு என்ன செஞ்சீங்கன்னு கேட்டிருக்கேன். நாளைக்கு உங்கள வெளிய அனுப்பப் போறேன். அப்பக்கூட வாயத் தொறக்கலயே!”

கதீஜா ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார், வேற்று ஆள் முன்னால் பேசுவதா என்று. பிறகு மகளிடம் சொன்னார்.

“நீ ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் போயிச் சொன்னே, எங்கத்தா படம் அனுப்புனாருன்னு. உன் மூஞ்சி அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உனக்கு அத்தாகிட்டேருந்து அது ஒண்ணுதான் புள்ள இருந்துச்சு. அதையும் நான் வாங்கிக்கிட்டா எப்படி? நான்தான் தினமும் வீட்டுல இருக்கேனே.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை இல்லை. ஆன்ட்டி, “உக்காருங்க, தண்ணி கொதிக்குது” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பரீதா மடிக்கணினியை மூடினாள். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள். பிறகு கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

“அத்தா, நான்தான். நாளைக்கு நீங்க வர வேணாம், நான் அங்க வர்றேன். பக்கத்துலயே ஒரு ரூம் பார்ப்போம். மாசாமாசம் நான் வந்து பார்த்துக்கறேன்.”

அந்தப் பக்கம் ஏன், என்ன ஆச்சு என்று உரக்கக் கேட்பது எனக்கே கேட்டது. பரீதா சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணும் ஆகலத்தா” என்றாள். “வீட்டுல அம்மா இருக்காங்க.”